வெர்டி வீட்டு மாமியார் வாசல்

வெர்டி பக்னர் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்தால் முதலில் அளவு நாடாவைத் தொடமாட்டாள். வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கி, சருகின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி குடிப்பாள். மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடியிருக்கிறது, எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மண் எங்கே நழுவியிருக்கிறது என்று கண் மட்டும் அலையும். வீட்டுக்காரர் பொறுமை கெட்டு ஏதாவது கேட்டால், "தண்ணி போற வழி தெரியாம தூண் நட்டா அடுத்த வருஷம் அது ஆத்துல கிடக்கும். பரவாயில்லன்னா சொல்லுங்க, இப்பவே நட்டுர்றேன்" என்பாள். 

எங்கள் கரோலினா மலையில் சமதரை என்றால் அது தேவாலயத்தில் வண்டி நிறுத்துகிற இடம் ஒன்றுதான். மற்றபடி எல்லாம் சரிவு, எல்லாம் காடு. வீட்டின் முன்பக்கம் மண்ணில் இருக்கும், பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும். அந்த அந்தரத்தில் டெக் என்கிற மரத்தளம் கட்டிக் கொடுப்பதுதான் வெர்டியின் பிழைப்பு. அவள் கட்டும் டெக்கில் மேட்டுப் பக்கத் தூண் முழங்கால் உயரம் இருக்கும். பள்ளத்துப் பக்கத் தூணோ, ஆள் மேல் ஆள் ஏறி நின்றாலும் எட்டாது. ஆனால் மேலே பலகையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும்.

மரத்தை வெட்ட மட்டும் அவளிடம் சொல்லக் கூடாது. கோடைக்கு ஃப்ளோரிடாவிலிருந்து வரும் பணக்காரர்கள் வந்ததும் வராததுமாக அதைத்தான் சொல்வார்கள். "காட்டைப் பாக்கணும்னு இம்புட்டு தூரம் வந்துட்டு, காட்டை வெட்டச் சொல்றீங்களே! கடலைப் பாக்கப் போனா தண்ணிய இறைச்சு ஊத்தச் சொல்வீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். குறுக்கே மரம் நின்றால் பலகையில் வட்டமாக இடம் விட்டு மரத்தைச் சுற்றியே கட்டுவாள். மரம் பெருக்க ஒரு சாண் இடைவெளியும் விடுவாள். இன்னொரு சட்டமும் உண்டு. பலகை எப்போதும் வாசற்படிக்கு மூன்று விரல் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையும் பனியும் வீட்டுக்குள் வந்துவிடும். இதை அவள் சொல்லிச் சொல்லி, எங்கள் ஊர் நாய்க்குக்கூடத் தெரியும்.

வேலை முடிந்ததும் சோதனை. அது வெர்டியின் வழக்கம். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வந்து புது டெக்கில் ஏற்றி ஆடவிடுவாள். எங்கள் ஆட்டம் தெரியுமே, கை ஆடாது, இடுப்பு ஆடாது, குதிகாலும் பாதமும் மட்டும் பலகையைப் போட்டு அடிக்கும். புருஷன் லாயல் ஓரமாக உட்கார்ந்து ஃபிடில் வாசிப்பான். மேலே ஊரே குதிக்கும்போது வெர்டி மட்டும் அடியில், தூண்களுக்கு நடுவே, சருகில் மல்லாந்து படுத்துக் கிடப்பாள். எந்தத் தூண் அசைகிறது, எந்த மரச்சட்டம் முனகுகிறது என்று பார்ப்பாள், கேட்பாள். எல்லாம் சரி என்றால் அடியிலிருந்து "தாங்குது!" என்று ஒரு கத்தல் வரும். அதற்குப் பிறகுதான் சாப்பாடு.

இப்படி ஊருக்கெல்லாம் கட்டியவள் வீட்டில் டெக் கிடையாது. அடுப்படியில் பின்கதவு ஒன்று உண்டு. திறந்து காலை வைத்தால் நேரே பள்ளம். லாயல் கல்யாணத்துக்கு முன் தன் கையாலேயே கட்டிய வீடு அது. "டெக்கு அடுத்த வருஷம்" என்று சொல்லி, கதவை மாட்டி, யாரும் விழாமலிருக்க உள்ளே குறுக்குக் கட்டையும் வெளியே தகட்டுப் பலகையும் அடித்துவிட்டான். பிறகு டெக் கட்டுகிறவளையே கட்டிக்கொண்டான். ஆனாலும் கதவு அப்படியேதான் இருந்தது. வசந்தம் வந்தால் ஊரார் வேலை, வேலை முடிந்தால் பனி. அதற்கு ஊர் வைத்த பெயர் மாமியார் வாசல். "வாங்க அத்தே, காத்தோட்டமா வெளிய நில்லுங்கன்னு சொல்லித் திறந்து விடவேண்டியதுதான்!" என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் சிரிப்பான். வெர்டியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன ஜனவரியில் லாயல் முன்வாசல் கல்படியில் பனியில் வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிடித்து நடக்க வாக்கர் வந்தது. ஆனால் அந்தச் செங்குத்தான படியில் வாக்கரை வைத்து எவன் இறங்குவது? ஆள் அடுப்படி ஜன்னலோடு முடங்கிப்போனான். ஃபிடில் பெட்டி கட்டிலுக்கடியில் போனது. எடுத்து வாசியேன் என்றால், "கால் நொண்டினா பாட்டும் நொண்டும்டி" என்பான்.

மே மாதத்தில் ஒருநாள் வெர்டி சோதனை முடித்து வந்தாள்.

"எப்படி இருந்துச்சு ஆட்டம்?" என்றான் லாயல்.

"போன்ல பாட்டு போட்டோம். ஆடினவன் ஒருத்தனுக்கும் காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல. பிரேத ஊர்வலம் மாதிரி இருந்துச்சு."

லாயல் சிரித்தான். பிறகு குறுக்குக் கட்டை அடித்த கதவைப் பார்த்தான். "ஊருக்கெல்லாம் வாசல் திறந்து விடுறே. செத்தா என்னை முன்வாசல் வழியா நாலு பேர் தூக்கிட்டுப் போகட்டும். உசிரோட இருக்கும்போது ஒரு தடவை, அந்தக் கதவுக்கு வெளிய நிக்கிற ஓக் மரத்துக்கிட்ட போகணும் வெர்டி. நானா நடந்து போகணும்."

 இத்தனை வருஷமும் அந்தக் கதவைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து வெர்டிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மறுநாள் காலையில் அடுத்த வேலைக்குக் காத்திருந்த ஃப்ளோரிடாக்காரருக்கு போன் போட்டாள். "உங்க வேலை ஆகஸ்டுலதான். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

அவளோடு எப்போதும் வேலை செய்யும் எவெலியோ குவாத்தமாலாக்காரன், பாறையையும் பேச வைப்பான். இருவரும் சரிவில் குழி தோண்டினார்கள். ரோடோடெண்ட்ரான் புதரின் வேர் மண்வெட்டியைப் பிடித்து இழுத்தது. ஒரு நாள் குளவிக்கூடு கலைந்து இருவரும் ஓடிய ஓட்டத்தை ஜன்னலில் பார்த்து லாயல் கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஓக் மரத்தைச் சுற்றிப் பலகை வளைந்து போனது. மரத்தடியில் ஒரு நாற்காலிக்கு இடம் வைத்தாள்.

பலகை பாவும் நாளில் எவெலியோ தலையைச் சொறிந்தான். "அக்கா, மூணு விரல் கீழ வரணுமே? நீங்க அடுப்படித் தரை மட்டத்துக்கே கொண்டு போறீங்க?"

"படி இருந்தா வாக்கர் தடுக்கும்டா."

"மழைத்தண்ணி?"

"வந்தா நான் தொடைச்சுக்கறேன். நீ ஆணி அடி."

சோதனை நாள் சனிக்கிழமை. லாயலின் அக்கா மோசெல் முந்தின நாளே வந்து பீன்ஸ் வேகவைத்து, சோளரொட்டி சுட்டு, தம்பிக்குச் சலவைச் சட்டை மாட்டிவிட்டாள். ஊரார் பக்கவாட்டுப் படி வழியாக டெக்கில் ஏறி நின்றார்கள். உள்ளே மோசெல் குறுக்குக் கட்டையைப் பிடுங்கினாள். வெளியே வெர்டி கடைசியாக விட்டுவைத்திருந்த தகட்டுப் பலகையைக் கழற்றினாள்.

கழற்றியதும்தான் அவள் அதைக் கவனித்தாள். கீல் வெளிப்பக்கம் இருந்தது. அப்படியானால் கதவு வெளியே திறக்கிற கதவு, அதன் அடியோ புதுப் பலகைக்குக் கீழே தொங்கியது. ஊரில் எந்த வீட்டுக் கதவும் உள்ளே திறக்கும். ஊரான் வீட்டில் ஒவ்வொரு நிலையையும் மூன்று தடவை அளப்பவள், தன் வீட்டுக் கதவை மட்டும் அளக்கவே இல்லை. தெரிந்த கதவுதானே என்று விட்டுவிட்டாள்.

உள்ளிருந்து லாயல் தள்ளினான். கதவு ஒரு விரல்கடை நகர்ந்து, புதுப் பலகையில் இடித்து நின்றது.

"என்னடி இது, திறக்கல?"

"நீ ஏன் கதவை வெளிய திறக்கிற மாதிரி மாட்டினே?" என்று கத்தினாள் வெர்டி.

"உள்ள திறந்தா அடுப்புல இடிச்சிச்சு! நீ ஏன் பலகைய இம்புட்டு மேல போட்டே? ஊருக்கெல்லாம் மூணு விரல், மூணு விரல்னு ஓதினியே!"

"உனக்காகத்தான்டா போட்டேன், மடையா!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மோசெல் உள்ளிருந்து, "தம்பி, ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். நீ ஒரு பக்கம் பூட்டினே, அவ மறுபக்கம் பூட்டிட்டா" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வெர்டி மட்டும் சிரிக்கவில்லை. கதவின் இடுக்கில் லாயலின் விரல்கள் தெரிந்தன. அவன் தள்ளுவதை நிறுத்தியிருந்தான்.

"விடு வெர்டி" என்றான் மெதுவாக. "ஜன்னல்ல உட்கார்ந்து பாக்கறேன். எல்லாரும் ஆடட்டும்."

"வாயை மூடு" என்றாள் வெர்டி. "எவெலியோ, சுத்தியலும் உளியும் குடு."

"பலகைய வெட்டப் போறீங்களா அக்கா?"

"கீல்தான் நம்ம பக்கம் இருக்கே!"

உளியைக் கீலுக்கு அடியில் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினாள். கீலைக் கோத்திருந்த துருப்பிடித்த ஊசி எகிறி ஓக் மரத்தில் போய் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவளும் எவெலியோவும் கதவைக் கட்டிப்பிடித்துப் பெயர்த்துத் தூக்கினார்கள். வாசல் முழுசாகத் திறந்து, சலவைச் சட்டையும் கலைந்த தலையுமாக லாயல் நின்றான். கதவை, பலகை அறுக்க வைத்திருந்த இரண்டு மரத்தாங்கிகள் மேல் கிடத்தி, அதிலேயே பீன்ஸ் சட்டியையும் ரொட்டியையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள் மோசெல்.

வெர்டி யாரையும் பார்க்காமல் படியிறங்கி, தன் வழக்கப்படி அடியில் போய் மல்லாந்து படுத்தாள். சோதனை என்றால் சோதனைதான்.

மேலே வாக்கர் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. வாசற்படி இருந்த இடத்தைத் தடுக்காமல் தாண்டியது. பலகை இடுக்கில் அவன் செருப்பின் அடிப்பக்கம் அவள் முகத்துக்கு நேர் மேலே நகர்ந்து, ஓக் மரத்துப் பக்கம் போனது. நாற்காலி கிரீச்சிட்டது. மோசெல் ஏதோ பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. முதல் இழுப்பு அபசுரம், கூட்டம் சிரித்தது. இரண்டாவது இழுப்பில் பாட்டு பிடித்துக்கொண்டது. ஊரே பலகையை அடிக்க ஆரம்பித்தது. தூசி அவள் கண்ணில் விழுந்தது. ஒரு தூணும் அசையவில்லை, ஒரு சட்டமும் முனகவில்லை.

அத்தனை கால்களுக்கு நடுவே ஓக் மரத்தடியிலிருந்து தனியாக ஒரு குதிகால் தாளம் போட்டது. இடது கால். முறிந்த பக்கம்.

வெர்டி தூசியோடு சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏய் வெர்டி! தாங்குதா இல்லையா? பசிக்குது!" என்று மேலேயிருந்து மோசெல் கத்தினாள்.

"தெரியல மதினி" என்றாள் வெர்டி கீழே படுத்தபடியே. "இன்னும் கொஞ்ச நேரம் வாசிக்கச் சொல்லுங்க."