மூன்று தூளிகளும் ஒரு மலைக்காரரும்

படுத்துப் பார்த்துவிட்டு வாங்கும் சரக்கை விற்பவனுக்கு உட்காரக்கூட நேரம் கிடைக்காது. கடை நடத்திக் கஷ்டப்படும் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆரணியில், சேவூர் போகிற சாலையில் என் கடை. இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற ஹேமக் விற்கிறேன். ஊரில் அதற்குப் பெயர் 'பெரியாள் தூளி'. ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கும் ஒருவர் மொத்தமாக எடுப்பதாகச் சொன்னார். அந்த வாய்ப்பேச்சை நம்பி, இருந்த கயிறு வியாபாரத்தையும் விட்டுவிட்டு மூன்று ரகம் இறக்கிவிட்டேன். "உடம்புக்குச் சுகமா இருக்கணும், ஆளைக் கவுக்கக் கூடாது. எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்றிருந்தார். தப்பாகச் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான். கடை முன்னால் வேப்பமரத்துக்கும் இரும்புத் தூணுக்கும் நடுவே மாற்றி மாற்றிக் கட்டினேன். வந்தவரையெல்லாம் படுக்கச் சொன்னேன்.

இழுத்துக் கட்டியவர்

பாராசூட் துணியில் தைத்ததை முதலில் வாங்கியவர் பக்கத்துத் தெருத் தறிக்காரர். மறுநாளே அதைத் தோளில் போட்டுகினு வந்து நின்றார், முழங்கையில் சிராய்ப்போடு. "படுத்தா தூக்கிப் போடுதுபா!" எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் வீட்டுக்கே போய், கட்டிக் காட்டச் சொன்னேன். மனிதர் தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவது போல, தட்டினால் டொம்மென்று சத்தம் வருகிற மாதிரிக் கட்டுகிறார்! அப்படிக் கட்டினால் கொஞ்சம் புரண்டாலும் ஆள் தரையில்தான்.

அவிழ்த்து, நடுவில் நன்றாகத் தொய்வு விட்டுக் கட்டி, குறுக்கே சாய்ந்து படுக்கவைத்தேன். அசையாமல் கிடந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், எழுந்து முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டிருக்கிறார். கத்தினேன். அவர் சொன்னார்: "தொய்வைப் பார்த்தா என் கை சும்மா இருக்கமாட்டேங்குதுபா, நான் இன்னா செய்யட்டும்?"

முதல் பெஞ்சு

கண்ணமங்கலத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். இரண்டு முனையிலும் கட்டை வைத்துக் கட்டில் போல விரித்திருக்கும் ரகம் அவருக்குப் பிடித்துவிட்டது. மடிப்பில்லாமல் நேராக இருக்கிறது, முதுகுக்கு நல்லது என்றார். படுத்தார். நன்றாகத்தான் இருந்தது, பையிலிருந்த செல்போன் அடிக்கும் வரை. எடுக்கக் கையை நீட்டினார்; அடுத்த நொடி கீழே விரித்திருந்த சாக்கின் மேல் கிடந்தார்.

"ஏன் திரும்புனீங்க?" என்று நான்தான் கத்தினேன், விழுந்தவர் கத்தவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பார்க்க அவ்ளோ ஒழுங்கா இருந்திச்சிங்க, முதல் பெஞ்சுப் பையன் மாதிரி. அதான் நம்பிட்டேன்."

கட்டம் போட்ட முதுகு

மிச்சம் இருந்தது நூல் வலை. காற்றோட்டம், மெத்தென்று இருக்கும், கவிழ்க்காது. இதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். விசைத்தறி ஓட்டும் ஒருவர் வாங்கிப்போய், சட்டையில்லாமல் மத்தியானம் பூராவும் அதில் தூங்கியிருக்கிறார். சாயங்காலம் அவர் மனைவி அவரை இழுத்துகினு கடைக்கே வந்துவிட்டார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகு முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்க் கட்டம். "புடவைக்குக் கட்டம் போடறது எங்க வேலை. எங்க வூட்டுக்காரர் முதுகுல போட நீ யாருய்யா?"

மலைக்காரர்

மொத்தமாக எடுப்பதாகச் சொன்ன அந்த மலைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மற்ற இரண்டும் ஆகாதென்று பாராசூட் துணி ரகத்தைத் தொய்வாகக் கட்டினேன். "நீங்க படுங்க, நான் பார்க்கிறேன்" என்றார். ஊரையே படுக்கவைத்த நான் அதில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போலப் படுத்ததில்லை. குறுக்கே சாய்ந்தேன். உடனே பார்சல் ஆபீஸிலிருந்து போன். சரக்கு இன்னும் வரவில்லையாம். படுத்தபடியே திட்டினேன். அதற்குள் ஒரு மினிலாரி கடை வாசலை மறித்து நின்றது. கையை வீசி விரட்டினேன். அந்த நேரம் பார்த்து மலைக்காரர் விலையைக் குறைத்துக் கேட்டார். காலை உதைத்து உதைத்துப் பேரம் பேசினேன். இறங்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அவர் குனிந்து முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சொன்ன விலைக்கே சரக்கை ஜல்தியா மூட்டை கட்டுங்க. இவ்ளோ ஆட்டம் போட்ட உங்களையே இது கீழ தள்ளல, எங்க கெஸ்ட்டுங்க தூங்கத்தானே வராங்க!"

அன்றிலிருந்து யாராவது 'கவிழ்க்குமா' என்று கேட்டால், நானே ஏறிப் படுத்து, கேட்டவரோடு ஒரு சண்டை போட்டுக் காட்டிவிடுகிறேன்.