உள்ளே வைத்துப் பூசிய சுவர்

ரசமட்டம் என்றால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும்; சுவரின் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர். முப்பது வருடமாகப் பூச்சு வேலை. அவர் பூசிய சுவரில் நூல் பிடித்துப் பார்த்தவர்கள் நூலைத்தான் சந்தேகப்படுவார்கள். ஊரார் சுவரையெல்லாம் வழவழவென்று பூசிக்கொடுத்த மனிதர், சொந்த வீட்டுப் பின்சுவரின் வெளிப்பக்கத்தை மட்டும் பதினாறு வருடமாக வெறும் செங்கல்லாகவே விட்டிருந்தார். கேட்டால், நம்ம வீடு எங்கே ஓடிப்போகிறது என்பார். அந்தச் செங்கல் இடுக்குகளில் தேள்கள் குடியேறியிருந்தன.

மாதத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் படும். செருப்பால் ஒரு போடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் வெளியூரில் இருக்கும் மகள், நான்கு மாதக் குழந்தையோடு பத்து நாள் தங்க வருகிறேன் என்றதும் கதை மாறிவிட்டது. பேத்தியை அவர் போனில்தான் பார்த்திருந்தார். மகள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டில் தேள் இருக்கக் கூடாது.

பூச்சிமருந்து அடிக்கிறவரை வரவழைத்தார்கள். அவர் இண்டு இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்பதாயிரம் என்றார். இரண்டு தடவை மருந்து, அப்புறம் சுவர் அடைப்பு, எல்லாம் சேர்த்து. அடைப்பு என்றதுமே ரசமட்டத்துக்குச் சுருக்கென்றது. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டார் பார் என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு, வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். படியிறங்கும்போது மருந்துக்காரர் திரும்பினார்.

"நீங்களே அடைச்சுக்குங்கண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா உள்ள இருக்கிறது செத்த அப்புறம் அடைங்க."

பிழைப்புக்காகச் சொல்கிறார் என்று ரசமட்டம் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் பின்சுவர் முழுக்க வெளிப்பக்கம் பூசி முடித்தார். மனைவியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். மழை உள்ளே வராமல் அடைத்து அடைத்தே பழகிய கை அது. உள்ளே இருப்பதற்கு வெளியே போக வழி வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய் காலை ஸ்விட்ச் பெட்டியிலிருந்து ஒன்று பொத்தென்று விழுந்தது. அதை அடிப்பதற்குள் கதவு நிலை ஓரமாக இன்னொன்று. மத்தியானத்துக்குள் பதினோரு தேள்! இத்தனை வருடம் இவ்வளவும் நம்மோடுதான் இருந்தனவா என்று நினைத்தபோதே, அவை வெளியே போகும் வழியை அடைத்தது தானே என்பதும் அவருக்கு உறைத்தது. அப்போதுதான் அறைக்குள்ளிருந்து மனைவியின் அலறல் கேட்டது. குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய பருத்தித் துணிகளை எடுக்கப் போனவளின் விரலில் கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் அவரைத் திட்டவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுதான் சொன்னாள்.

"நாளைக்கு இந்தத் துணியிலதான் பாப்பாவைச் சுத்தியிருப்பேன்."

எப்படி ஆச்சு என்று பக்கத்து வீட்டார் கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை. கொட்டியது மனைவிக்கு, திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றது அவர். மகளுக்குப் போன் போட்டால், ரயில் ஏறி மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

மறுநாள் வீங்கிய கையோடு மனைவியும் ஸ்டேஷனுக்கு வந்தாள். தங்கவைக்க அந்த ஊரில் வேறு உறவு கிடையாது. மகள் அன்றைக்கே திரும்பிப் போகும் ரயிலுக்கு டிக்கெட்டை அவரே எடுத்து வைத்திருந்தார். தப்பு முழுக்கத் தன்னுடையதுதான் என்று மகளிடம் மறைக்காமல் சொன்னார். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயிலுக்கு ரெண்டு மணி நேரம் இருக்குப்பா. இந்தாங்க, பாப்பாவைத் தூக்குங்க."

அவர் கையை நீட்டவில்லை. சட்டையைக் கழற்றி ஓங்கி உதறினார். பைகளை வெளியே இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பி மறுபடி உதறினார். பிளாட்பாரத்தில் போகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்படியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சட்டையைத் தூரத்தில் போட்டுவிட்டு வந்து, வெற்று உடம்போடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.