கம்பளிச் சடை

மைதானத்து வாசலிலேயே எஸ்ராய் டல்லக்குக்கு வயிற்றைப் புரட்டியது. 'ராஸ்தா விருந்து' என்று பலகை எழுதி வைத்து, அதன் அடியில் பன்றி இறைச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராஸ்தா மார்க்கத்தில் சேர்ந்து, பன்றி என்ன, நாற்பது வருடமாக உப்பைக்கூடத் தொடாமல் சாப்பிடுகிறவர் அவர். பக்கத்துக் கடையில், ராஸ்தாக்கள் கடவுளாகக் கும்பிடும் எத்தியோப்பியச் சக்கரவர்த்தியின் முகத்தை அச்சடித்த மெத்தைகள், புல்லில் போட்டு உட்கார.

"சாமி மூஞ்சி மேலயா உக்காரச் சொல்றது?" என்றார் கடைக்காரனிடம்.

"தாராளமா உக்காருங்க பெரியவரே. பஞ்சு அமுங்காது."

எஸ்ராய் காறித் துப்பிவிட்டு, ஏழு வயது மகள் மகீடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். தோளில் மேளம் தொங்கியது.

யாலஸ் மேட்டில் கீரையும் கிழங்கும் போட்டுப் பிழைப்பவர். பத்தொன்பது வயதில் மார்க்கத்து விரதமாகச் சடை வளர்க்க ஆரம்பித்தபோது பெற்ற தாயே அவர் தட்டை வாசலுக்கு வெளியே வைத்தாள். சடையைப் பார்த்தால் பஸ்காரன் நிறுத்தமாட்டான். ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் பிடித்து வைத்து மொட்டையடித்தே அனுப்பினார்கள். திரும்ப வளர்த்தார். வழிபாட்டுக் கூட்டங்களில் விடிய விடிய தாளம் பிடிப்பார். கடற்கரை ஓட்டல்காரர்கள் வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் வாசிக்கக் கூப்பிட்டபோதெல்லாம், ஜெபம் விற்பனைக்கு இல்லை என்று விரட்டியடித்தவர்.

அப்படிப்பட்ட மனிதர் இந்தக் கண்றாவிக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட நிதி திரட்டும் ரெகே இசை விழா இது. அந்தப் பள்ளிக்கூடம்தான் மகீடாவைச் சேர்க்க மறுத்திருந்தது. 'சடையை வெட்டிவிட்டு அழைத்து வரவும். சுகாதாரம் முக்கியம்' என்று தலைமையாசிரியை மிஸ் பின்னக் இரண்டே வரியில் கடிதம் போட்டிருந்தாள்.

"அவங்க கூரைக்கு ரெண்டு தட்டு தட்டினா கொறஞ்சா போயிடுவீங்க? அந்தம்மா மனசு இளகும். செப்டம்பர்ல புள்ளைக்கு எடம் கெடைக்கும்" என்று மனைவி வெர்னிஸ் நச்சரித்ததில் தலையாட்டிவிட்டார்.

மேடைக்குப் பின்னால் மிஸ் பின்னக் நின்றிருந்தாள். தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சைத் தொப்பி. அதிலிருந்து கம்பளி நூலில் முறுக்கிய சடைகள் இடுப்புவரை தொங்கின. வெயிலில் வேர்த்து வழிய, பென்சிலைத் தொப்பிக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். எஸ்ராய்க்குக் குடலே வாய்க்கு வந்தது. மகளுக்காக அடக்கிக்கொண்டார்.

"மகீடாவுக்கு எடம் உண்டா டீச்சரம்மா?"

"அது வேற விஷயம் அண்ணே. பள்ளிக்கூட விதின்னு ஒண்ணு இருக்குல்ல. இன்னைக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றவள் குழந்தையின் சடையைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "அடடா, அசல். தம்பி, ஒரு போட்டோ எடு. வெளிநாட்டுல இருந்து பணம் அனுப்புறவங்களுக்குக் காட்டலாம்."

மகீடாவை இடுப்போடு அணைத்து, தன் கம்பளிச் சடையைக் குழந்தையின் சடைமேல் பரப்பிக்கொண்டு பல்லைக் காட்டினாள். "எங்க அண்ணன் பாஷையில சொன்னா, நானும் நானும் ஒண்ணு."

ராஸ்தாக்கள் எதிரே இருப்பவரை 'நீ' என்று பிரித்துச் சொல்லமாட்டார்கள். எல்லாருக்குள்ளும் இருப்பது ஒரே கடவுள் என்பதால் 'நானும் நானும்' என்பார்கள். மொட்டையடித்த போலீஸ்காரனிடம்கூட எஸ்ராய் 'நீ' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

மகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீ வேற, நாங்க வேற. நீ வீட்டுக்குப் போனதும் கழட்டி ஆணியில மாட்டிடுவ."

மேளத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டது. சாலைக்கு வந்த பிறகுதான் மகீடா வாயைத் திறந்தாள்.

"நம்ம சரியா கழுவலையா அப்பா?"

அன்று காலை இரண்டு தடவை அவள் தலையை அலசி, வேப்பெண்ணெய் தடவி, டீச்சரம்மா வேண்டுமானால் மோந்து பார்க்கட்டும் என்று கூட்டி வந்தவர் அவர்தான். அத்தனை நேரமும் மற்றவர்களைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது தன்மேலேயே வந்தது. சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.