செல்லையாவுக்கு இன்னும் வால் வைக்கவில்லை

உலு யாம் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ஒரு பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர், இருக்கிறாராம். சாவு வீடு எதையும் விடமாட்டாராம். ஆனால் பேண்டுக்காரர்களிடம் போய், வாசிக்கிற பாட்டின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பிணத்துக்கு மாலை போடுவாராம். பத்தாங் பெர்ஜுந்தாய் கோப்பிக் கடையில் மூன்று பேர் என்னிடம் இதைச் சொன்னார்கள். மூன்று பேரும் சிரித்தார்களே தவிர, காரணம் சொல்லவில்லை. விசாரிக்கக் கிளம்பினேன். விசாரணை முதலில் கிராணியிடம் போகவில்லை. அம்புரோஸிடம் போய் நின்றது.

அம்புரோஸ் பாலத்துத் தோட்டத்தில் காலையில் பால் வெட்டுகிறவர். மாலையில் கிளாரினெட் ஊதுகிறவர். அவருடையது ஆறு பேர் கொண்ட சாவு பேண்டு. பெரிய டிரம் அடித்தவர் அவருடைய தம்பி பெர்னாட். மற்ற நால்வரும் பக்கத்துத் தோட்டம்.

இவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. பாட்டின் தொடக்கம் 'தலை', நடு 'இடுப்பு', முடிவு 'வால்'. மரப்பட்டையில் காய்ந்த ரப்பரைச் சுரண்டுவதுபோல, நாலு சினிமா மெட்டுகளைச் சுரண்டி ஒன்றாக்கியது 'ஒட்டுப்பால்'. பாதிரியார் வந்துசேரும்வரை ஓட்டுவது 'கஞ்சி'. எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் விட்டுக்கொள்ளலாம். அம்புரோஸ் சொந்தமாகப் போட்ட பாட்டுகளுக்கு மட்டும் மனிதப் பெயர். எந்தப் பிணத்துக்கு முதலில் வாசித்தார்களோ, அந்தப் பெயர் அதற்கு நிலைத்துவிடும். "நல்லசாமியை எடு. குழியில இறக்கும்போது காளியம்மா" என்பார்கள். பிறகு யாருக்கு வாசித்தாலும் பெயர் மாறாது.

1951இல், அவசரகாலத்தின் நடுவில், வெட்டிச் சாய்த்த மரம் பெர்னாட் மேல் விழுந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. கேட்டில் காவல். காட்டில் மறைந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடாத காலம். பேண்டு உள்ளே வர, அப்போது இங்கே பெரிய கிராணியாக இருந்த செல்லையா கடிதம் எழுத வேண்டும்.

"டிரம்முக்குள்ள அரிசியை வச்சுக் கடத்துவீங்க. எனக்குத் தெரியாதா?" என்றார் செல்லையா.

"ஐயா, செத்தது என் தம்பிங்க. பதினோரு வருசமா ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சவன்."

"செத்தவனுக்குக் காது கேக்குமா? போ, போ."

அன்றே ஓர் உத்தரவும் போட்டார்: திறந்து காட்டாமல் எந்த டிரம்மும் கேட்டைத் தாண்டக் கூடாது.

பெர்னாட் சத்தமில்லாமல் போனார். அவர் பெயரில் பாட்டு இல்லை. அம்புரோஸ் அழவில்லை. "அழுதிருந்தா கிராணி தப்பிச்சிருப்பாரு" என்கிறார் அவர் மனைவி ரோசரி.

ஒரு மாதம் கழித்து, பெர்ஜுந்தாயில் ஞாயிறு பூசை முடிந்ததும், கோவிலுக்குப் பின்னால் அம்புரோஸ் புதிதாக ஒன்றை ஊதிக் காட்டினார். இரண்டடி வேகம், ஒரு நிறுத்தம், ஒரு கனைப்பு. யார் நடை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பேரு என்னண்ணே?"

"செல்லையா."

"அவரு உசுரோட இருக்காரே லா!"

"இருக்கட்டும். தலையும் இடுப்பும் ஆச்சு. அவரு படுத்தப்புறம் வாலை வச்சுக்கலாம்."

ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பால் நிறுக்கும் இடத்துக்குக் கிராணி வந்தால் வரிசையில் யாரோ மூக்காலேயே அந்தத் தலையை முனகுவார்கள். அவர் தும்மினால் அம்புரோஸ் அக்கறையோடு நெருங்குவார்: "ஐயாவுக்கு மூச்சு வாங்குதுங்களா? நெஞ்சு வலி எதுவும் இருக்குங்களா?" பாட்டு வாசிப்பது குற்றமென்று எந்தச் சட்டத்திலும் இல்லை. வாசிக்காமல் இருப்பது எப்படிக் குற்றமாகும்? கிராணி இளைத்துப்போனார்.

அடுத்து தோட்டத்தில் நல்லம்மாள் என்ற பாட்டி இறந்தபோது, யாரும் கேட்காமலே பேண்டுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அம்புரோஸை ஓரமாக அழைத்தார்.

"அந்தப் புதுசை இந்த அம்மாவுக்கு வாசிச்சிடேன். பேரும் நல்லம்மாள்னு ஆயிடும்."

"வால் வரலைங்களே ஐயா."

கடைசியில் கிராணியே அம்புரோஸின் லயத்து வீட்டுக்கு வந்தார். ரோசரி கோப்பி கொடுத்தார்; சீனி போடவில்லை.

"உனக்கு என்னதான் வேணும், தம்பி?"

"என் தம்பி பெரிய டிரம்மைப் பதினோரு வருசம் சுமந்தான். நீங்க ஒரு நாள் சுமங்க. கேட்டுலேருந்து அவன் குழி வரைக்கும்."

"சுமந்தா அந்தப் பாட்டை அங்க வாசிச்சிடுவியா?"

"மொதல்ல சுமங்க ஐயா. குழிக்கிட்ட பேசிக்கலாம்."

ஞாயிறு மதியம், நல்ல வெயில். தோட்டமே வேலியோரம் நின்றது. டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் கிராணி நடந்தார். கேட்டில் காவல் நின்ற முருகையா கையை நீட்டித் தடுத்தான்.

"திறக்கணுங்க ஐயா."

"எவன் போட்ட உத்தரவு?"

"நீங்க போட்டதுதாங்க."

ஒவ்வொரு திருகாகக் கழற்றினார்கள். முருகையா உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். "உள்ள என்னங்க ஐயா இருக்கு?" என்றான்.

"காத்து" என்றார் கிராணி. வேலியோரம் ஒரே சிரிப்பு.

குழியருகே அம்புரோஸ் ஊதினார். மெதுவான, நீண்ட பாட்டு. அதில் கனைப்பு இல்லை. தலை, இடுப்பு, வால், எல்லாம் இருந்தது. முடிந்ததும் கிராணி சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அப்பாடா. இனிமே இது பெர்னாட்தானே?"

"ஆமாங்க ஐயா. இது பெர்னாட். செல்லையா வேற. அது அப்படியே இருக்கு."

ஆறு மாதத்தில் கிராணி உலு யாம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

போன மாதம் அங்கே போய் அவரைப் பார்த்தேன். வதந்தியைச் சொன்னேன். "எவன் சொன்னான்? சுத்தப் பொய்!" என்று எகிறினார். தேநீர் வந்தது. பாதி குடித்ததும் குரலை இறக்கினார்.

"அம்புரோஸ் எப்படி இருக்கான்? இருமல் இருந்துச்சே, அதிகமாயிடுச்சா?"

நன்றாக இருக்கிறார் என்றேன். முகம் வாடியது.

"அந்த வாலை மட்டும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. எனக்குன்னு போட்டதுதானே? ஏழு வருசமா பாக்கி வச்சிருக்கான்."

வந்து அம்புரோஸிடம் சொன்னேன். கிளாரினெட்டின் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்கிதான். இல்லேங்கலை. படுத்தவுடனே கொடுத்துடுறேன்னு சொல்லுங்க."

அதைச் சொல்ல நான் இன்னும் உலு யாம் போகவில்லை.