ஓரலேயும் இரண்டு சூட்கேஸ்களும்

டெக்சஸின் ரவுண்ட் ராக்கில் நான் வேலை பார்த்த கம்பெனியில், என் மேஜைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் மெக்சிகோக் குடும்பத்துக்காரர். என்னைப் போலவே இன்ஜினியர், என்னைப் போலவே தொப்பை. வாயைத் திறந்தால் ‘ஓரலே’ என்பார். காபி மெஷின் ஒழுங்காகக் காபி கொடுத்துவிட்டால் ஓரலே, அது ஆச்சரியம். சாப்பிடப் போகலாமா என்றால் ஓரலே, அது சம்மதம். நான் எழுந்திருக்கச் சோம்பினால் தோளைத் தட்டி ஓரலே, அது கிளம்பு. என் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை முழுத் துண்டாக வாயில் போட்டுக்கொண்டபோதும் ஓரலேதான். அதில் கண்ணீரும் கலந்திருந்தது.

நம்ம ‘அட’ மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அட, வந்துட்டியா. அட, சும்மா இருப்பா. அட கடவுளே. ஆனால் ‘அட’ ஆளை எழுப்பி நடக்க வைக்காது. ஓரலே வைக்கும்.

2001 கோடையில் ஆட்குறைப்பு தொடங்கியது. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிடுவார்கள்; திரும்பி வருபவர் கையில் அட்டைப்பெட்டி இருக்கும். மற்றவர்களுக்கு வேலை மட்டும்தான் போகும். எனக்கு அதோடு விசாவும் போகும், கிரீன் கார்டு கனவும் போகும். மகளைப் பள்ளியிலிருந்து பிடுங்கிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏற வேண்டும்.

புத்தியுள்ளவன் இந்த நேரத்தில் வேறு வேலை தேடுவான். நான் சாக்லேட் வாங்கினேன். துரத்திவிடப்பட்டே வந்தாலும், அமெரிக்காவிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு இறங்க முடியுமா? பாதாம், ஷாம்பு, மூட்டுவலிக் களிம்பு எல்லாம் சேர்ந்து இரண்டு சூட்கேஸ்கள் நிரம்பின. பாத்ரூமில் எடை பார்க்கும் மெஷின்மேல் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நின்றேன். குனிந்து பார்த்த மனைவி, “பொட்டி கரெக்டாத்தான் இருக்கு. நீங்கதான் ஓவர் வெயிட்” என்றாள். பிறகு, “இன்னும் வேலையே போகல, அதுக்குள்ள பேக் பண்றீங்களே” என்றாள். அதில் சிரிப்பு இல்லை.

ஆபீஸில் என் போனின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தேன். தடுப்புக்கு மேலே நண்பரின் தலை வந்தது. பேசியது ஆங்கிலம்தான், என் நினைவில் தமிழாகவே இருக்கிறது.

“போனை ஏம்ப்பா கழட்டிட்டே?”

“அடிச்சா எடுக்கணுமே.”

“நடந்து வந்து கூப்பிடுவாங்களே.”

அதை நான் யோசிக்கவில்லை. பேச்சை மாற்ற, சூட்கேஸ் கதையைச் சொன்னேன். மதியம் வாங்கிய கடைசிப் பை சாக்லேட் கார் டிக்கியில் இருப்பதையும் சொன்னேன்.

“வேலை போறதுக்கு முன்னாடியே கிஃப்ட் வாங்கிட்டியா?”

“விசா போனா எனக்கு மட்டும்தான் அவமானம். சாக்லேட் இல்லாம போனா குடும்பத்துக்கே.”

“ஓரலே” என்றார். அது ஆச்சரியம், கொஞ்சம் பயமும் இருந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே மேனேஜர் நடந்து வந்தார். ஒரு நிமிஷம் வர முடியுமா என்று என்னைத்தான் கேட்டார். நண்பர் எழுந்து நின்றார். எப்போதும் பட்டென்று சொல்கிறவர், இந்த முறை அந்த வார்த்தையை மெதுவாக இழுத்தார். என்ன அர்த்தம் என்று கேட்காமலே மேனேஜர் பின்னால் நடந்தேன்.

வேலை போய்விட்டதை வீட்டு வாசலில் மனைவியிடம் சொன்னேன். அட்டைப்பெட்டியை எடுக்க அவள் டிக்கியைத் திறந்தாள். டெக்சஸ் வெயிலில் சாக்லேட் முழுக்க உருகிப் பையோடு ஒட்டியிருந்தது.

“சென்னைக்குப் போயும் இப்படித்தான் ஆகியிருக்கும். ஒரு வேலை மிச்சம்” என்றேன்.

என் ஜோக்குக்கு அவள் முறைக்கவாவது செய்வாள். அன்று அதுவும் இல்லை. விரல்களைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, போய் வேற வாங்கிட்டு வந்துடலாம். அக்கா பசங்க கேக்கும்” என்றாள்.

நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தேன். ஓரலே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் அசையவில்லை. தோளைத் தட்டிச் சொல்ல வேண்டுமோ என்னவோ, இடது தோளைத் தட்டிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன்.

“யார்கிட்ட பேசறீங்க?” என்றபடி கார் சாவியை நீட்டினாள்.