பதினைந்து நாள் ஏழைகள்

சுதந்திரம் வந்த இரண்டாவது வருஷம், புரட்டாசி மாதத்தில், எங்கள் ஊரூர்க் குப்பத்துக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இருந்த வெள்ளைக்காரர்களே மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு இவர்கள் எதற்குப் புதிதாக வருகிறார்கள் என்று குப்பத்தில் எல்லோருக்கும் சந்தேகம். இவர்கள் ஆள வந்தவர்கள் இல்லை, உதவி செய்ய வந்தவர்கள் என்று கூட வந்த மயிலாப்பூர் காலேஜ் மாணவர் சொன்னார். மூக்குக் கண்ணாடியும் குடையுமாக இருந்த அவர்தான் அவர்களுக்கு வாய், எங்களுக்குக் காது.

மொத்தம் ஏழு பேர். ஆண்கள் நான்கு, பெண்கள் மூன்று. ஒருவருக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. எந்தத் தேசம் என்று மாணவர் சொல்லியிருப்பார், எனக்கு மறந்துவிட்டது. பல நாள் கப்பலில் பிரயாணம் செய்து வந்து, அடையாற்றில் ஒரு பங்களாவில் தங்கிக்கொண்டு, தங்கள் கையாலேயே கல்லும் மண்ணும் சுமந்து ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்களாம். செங்கல், ஓடு எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். குப்பத்துக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இங்கே இருப்பதிலேயே ஏழைக் குடும்பம் எது என்று காட்ட வேண்டும்.

அதுதான் முடியாத காரியமாக இருந்தது.

அம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. நாட்டாமைக்காரர் மெதுவாகக் கோடி வீட்டுச் சின்னம்மாவின் பக்கம் கையைக் காட்டினார். சின்னம்மா எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை. குப்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனவன். ஒரு பெண் பிள்ளையும் கைக்குழந்தையுமாக, மற்றவர்கள் கரையில் கொட்டும் மீனைப் பொறுக்கிக் காயவைத்து விற்றுப் பிழைத்தாள். சந்தேகமே இல்லாமல் அவள் வீடுதான் ஏழை வீடு. ஆனால் நாட்டாமைக்காரர் கையைக் காட்டியதும் அவள் எழுந்து நின்றாள்.

"எங்க வூட்ல இன்னா கொறை? நாங்க நல்லாத்தான் கீறோம்" என்றாள்.

ஏழு வெள்ளைக்காரர்களும் கைகட்டிக் காத்திருந்தார்கள். குப்பத்து ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். குப்பத்தில் ஓர் ஏழைகூட இல்லை என்று கூட்டம் கலைந்துவிடும்போல இருந்தது. அந்த நேரத்தில்தான் என் அத்தை எழுந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா கடலில் பெரிய ஆள், வீட்டில் அத்தைக்குத் தம்பி. எங்களுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம் இருந்தது. பெரிய வலையில் பங்கு இருந்தது. அத்தையின் காதில் கெட்டியான தங்கக் கம்மல் இருந்தது. தினமும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி மந்தைவெளி வரைக்கும் மீன் விற்கப் போவாள். அங்கே ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஓர் ஆசை வந்திருந்தது. கூட்டத்தில் எழுந்தபோது அவள் கம்மலைக் காணோம். எந்த நிமிஷத்தில் கழற்றி மடியில் முடிந்தாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை.

எங்கள் வீட்டில் சோற்றுக்கு வழியில்லை என்று அத்தை சொன்னாள். தம்பிக்கு நெஞ்சு வலி, அடிக்கடி கடலுக்குப் போக முடிவதில்லை என்றாள். பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்த நைனா நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அத்தனை பேருக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் தன் வீட்டைத் தவிர எந்த வீடாக இருந்தாலும் சரி என்ற நிலைமையில் இருந்தார்கள். மாணவர் மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. முகமெல்லாம் மிளகைத் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும் அவளுக்கு நாங்கள் அன்றைக்கே மிளகக்கா என்று பேர் வைத்துவிட்டோம்.

ஏழை என்று சொல்லிவிட்டால் போதாது, ஏழையாக இருக்கவும் வேண்டும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மறுநாள் காலையில் அவர்கள் வந்துவிடுவார்கள். வீட்டிலோ ஒரு பெரிய பித்தளை அண்டா, மூன்று குடங்கள், நைனா மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த சுவர்க் கடிகாரம், ஒரு தகரப் பெட்டி. எங்கே வைப்பது? பக்கத்து வீடுகளில் வைத்தால் திரும்பி வரும்போது ஒன்றிரண்டு குறையலாம். அத்தை யோசித்துவிட்டு எல்லாவற்றையும் கோடி வீட்டுச் சின்னம்மாவிடம் அனுப்பினாள். அவள் கை சுத்தம். அதோடு அவள் குடிசையில்தான் இடமும் இருந்தது.

சின்னம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்டாவை மூலையில் வைக்கச் சொன்னாள். கடிகாரத்தை நைனாவே ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார். படுக்கவைத்தால் அது நின்றுவிடுமாம்.

மிஞ்சியது நான். என் பாவாடை கிழியவில்லை. அத்தை என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சின்னம்மாவின் மகளுக்கும் என் வயது, என் உயரம். நாங்கள் எப்போதும் சேர்ந்துதான் திரிவோம். அவளுடைய பாவாடை எனக்கு வந்தது. என்னுடைய தீபாவளிப் பாவாடை, மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது, அவளுக்குப் போனது. பதினைந்து நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

ஏழையாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெள்ளைக்காரர்கள் மத்தியானம் ரொட்டியும் இனிப்பான பழப்பாகும் கொண்டுவருவார்கள். அதில் பாதி எனக்கு வந்துவிடும். மிளகக்கா எனக்குத் தலை வாரிவிடுவாள். என் பாவாடைக் கிழிசலை ஒருநாள் ஊசியும் நூலும் கொண்டுவந்து தைத்தும் விட்டாள். கஷ்டப்பட்டவர் நைனாதான். நெஞ்சு வலிக்காரர் கட்டுமரம் தள்ளுவதை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய், அவர்கள் பங்களாவுக்குத் திரும்பும் வரைக்கும் கரைக்கு வராமல் வெயிலில் மிதந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு வேறு கஷ்டம். மீன் குழம்பு வாசனை வரக்கூடாது என்று அத்தையின் உத்தரவு. குப்பத்தில் எங்கள் வீட்டில் மட்டும் பகலில் கஞ்சி.

அவர்களுக்கு வேலை தெரியாது. ஆனால் சளைக்காமல் செய்தார்கள். முதுகெல்லாம் வெந்து தோல் உரிந்தது. ஒரு சுவரை இரண்டு தரம் பிரித்துக் கட்டினார்கள். நாட்டாமைக்காரர் திருவான்மியூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து நிறுத்திய பிறகு சுவர் நேராக எழுந்தது. பத்தாம் நாள் ஓடு வேய்ந்தாகிவிட்டது. செங்கல்லும் ஓடும் நிறைய மிஞ்சின. கிளம்ப ஐந்து நாள் இருந்தது. இன்னொரு சின்ன வீடு கட்டலாம் என்று மிளகக்கா சொன்னாளாம். இந்தத் தடவை கூட்டம் வேண்டாம், வீடு வீடாகப் போய்க் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம் என்றாளாம். நாட்டாமைக்காரர் வேறு எங்கும் சுற்றாமல் அவளை நேராகக் கோடி வீட்டுக்குக் கூட்டிவந்தார். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், கீற்று மக்கி உள்ளே வானம் தெரியும்.

அப்போது நான் அங்கேதான் இருந்தேன். சின்னம்மாவின் மகளும் நானும் வாசலில் சோழி ஆடிக்கொண்டிருந்தோம். அத்தை மந்தைவெளியில் இருந்தாள். நைனா கடலில் இருந்தார்.

மிளகக்கா முதலில் என் சிநேகிதியின் பாவாடையைப் பார்த்தாள். பிறகு குனிந்து குடிசைக்குள் போனாள். மாணவர் குடையை மடக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். நானும் நுழைந்தேன். உள்ளே வெயில் கூரை ஓட்டைகள் வழியாக விழுந்து, சரியாக எங்கள் அண்டாவின் மேல் பட்டுக்கொண்டிருந்தது. குடங்கள் மூன்றும் அடுக்காக நின்றன. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மிளகக்கா தன் கைக்கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நேரம் சரியாக இருந்திருக்க வேண்டும். அவள் மாணவரிடம் ஏதோ கேட்டாள்.

"இவா கேக்கறா, இதெல்லாம் உங்களோடதான்னு" என்றார் மாணவர்.

நாட்டாமைக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்ட ஆரம்பித்தார். அண்டாவைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது யாருடையது என்று சொன்னால், அது அங்கே எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். சின்னம்மா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்ததுபோல எனக்கு ஞாபகம். வீட்டு ரகசியத்தை நான் ஒழுங்காகக் காப்பாற்றுகிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னிடம் ஒன்றைக் கேட்கிறாள் என்று தோன்றவில்லை. காப்பாற்றுகிறேன் என்று காட்டுவதற்காகத் தலையை ஆட்டினேன்.

"ஆமா, என்னுதுதான்" என்றாள் சின்னம்மா.

மிளகக்கா கைகூப்பிவிட்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஒரு குழப்பம்தான். இரண்டாவது வீடு கீழ் வரிசையில் கால் ஊனமான வலை பின்னுகிறவருக்குப் போனது. அவரும் ஏழைதான், ஆனால் கடலுக்குப் போகிற மகன்கள் இரண்டு பேர் அவருக்கு இருந்தார்கள்.

சாயங்காலம் அத்தை கூடையை இறக்குவதற்குள் நான் என் சாமர்த்தியத்தைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை மெச்சவில்லை. கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கோடி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். உன்னுது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அத்தை அடிக்குரலில் கேட்டாள். சின்னம்மா கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொன்னா நீ பொய்க்காரின்னு ஆயிடும்க்கா. அவங்க கப்பல் ஏறிப் போய்டுவாங்க. நாளைக்கு நான் யார் வூட்டுக்கு நெருப்பு வாங்கப் போறது?"

மாணவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மா அன்று இரண்டு தரம் சொன்னாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் அத்தை. ஐந்து நாளும் அப்படித்தான் போயின. கடைசி நாள் மாலை, ஆரத்தி எல்லாம் நடந்தது. புது வீட்டு வாசலில் எங்களை நிறுத்திப் படம் பிடித்தார்கள். தைத்த பாவாடையில் நான் நடுவில் நின்றேன். மிளகக்கா என்னைத் தூக்கி முத்தம் கொடுத்து அழுதாள். அவர்களுடைய தேசத்தில் ஏதாவது ஒரு பெட்டியில் அந்தப் படம் இன்னும் இருக்கலாம்.

மறுநாள் சாமான்கள் திரும்பி வந்தன. நாங்கள் கொடுத்தபோது இருந்ததைவிட அண்டா பளபளத்தது. சின்னம்மா புளி போட்டுத் தேய்த்திருந்தாள். என் பாவாடையையும் துவைத்து மடித்து அனுப்பியிருந்தாள். அத்தை அதன் பிறகு தினமும் ஒரு பங்கு மீனைத் தனியாக எடுத்துக் கோடி வீட்டுக்கு அனுப்பினாள். கம்மலை மட்டும் ஏனோ திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. ஏழையாக இருந்து பழகிவிட்டது என்று நைனா கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்ததில் ஆறு முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு ஓடியது. நான்காம் நாள் நடுப்பகலில், சின்னம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, குடிசையின் கடல் பக்கத்துச் சுவர் கரைந்து உட்கார்ந்தது. கூரை அதன் மேல் படுத்துக்கொண்டது. யாருக்கும் அடியில்லை. அத்தைதான் முதலில் ஓடினாள். குழந்தையை இடுப்பில் வைத்து, சின்னம்மாவின் கையைப் பிடித்து, நனைந்து நடுங்கிய என் சிநேகிதியை முன்னால் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். தலை துவட்டத் துணி கொடுத்தாள். அம்மா அடுப்பில் உலை வைத்தாள். ஏழு பேருக்கு அந்த வீடு சின்னதுதான், ஆனால் ஓர் இடத்திலும் ஒழுகவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சிநேகிதி என் பாயில் படுப்பாள், காலையில் எழுந்ததும் எதிரில் இருப்பாள். இவ்வளவு பெரிய சந்தோஷத்தை யாருமே கவனிக்காமல் உம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே நானே அதைச் சொன்னேன்.

"சின்னம்மா, உங்க வூடு வுழுந்தது நல்லதாப் போச்சு" என்றேன்.

சின்னம்மா குழந்தையின் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. ஆமாம் கண்ணு, நல்லதுதான் என்றாள். அத்தை எழுந்தாள். முக்காடுகூடப் போட்டுக்கொள்ளாமல் கதவைத் திறந்து வெளியே போனாள். நைனா கூப்பிட வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். மணலில் கட்டுமரம் கிடந்த பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழை தலையில் கொட்ட, அத்தை நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு நேரமாகக் கட்டுமரத்தைப் பார்க்கிறாளே, அது அடித்துக்கொண்டு போய்விட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.