வெள்ளிக்கிழமை டேப்

எங்கள் டிரஸ்ட் செயலாளரைப் போல ஒரு பீத்தல் பேர்வழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மாதுங்காவில் ஒரு கல்யாண மண்டபமும், அதன் மாடியில் நர்ஸ் உதவியாளர் பயிற்சி வகுப்பும் நடத்துகிற டிரஸ்ட். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர். டிஸ்க் கெட்டுப்போனால் உதவுமென்று, வெள்ளிக்கிழமை தோறும் அதில் இருக்கும் ஃபைல்களை டேப்பில் ஏற்ற வேண்டும். அதுவும் பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும். மெஷினுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, படிப்பு சம்பந்தப்பட்டது முதலில் என்று மார்க் ஃபைலை ஏற்றச் சொல்வார் செயலாளர். கடைசியில் மண்டப புக்கிங். எனக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர் ஒரு சீட்டில் கட்டளைகளை எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். அதைப் பார்த்து வரி வரியாக அடிப்பேன். திரையில் பிழை எதுவும் வராது. டீ குடிக்கப் போய்விடுவேன்.

"எல்லாம் டேப்ல பத்திரமா இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்த மனுஷன், போன வருஷம் மார்க் ரெஜிஸ்டர்களை மொத்தமாகப் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டார். புத்தி உள்ளவன் செய்கிற காரியமா இது!

இந்த மழைக்காலத்தில் டிஸ்க் செத்துப்போனது. அதே வாரம் சனிக்கிழமை, எங்களிடம் படித்த தாராவிப் பெண் ஒருத்தி வந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறி சர்டிபிகேட்டெல்லாம் கூழாகிவிட்டதாம். செம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மார்க் பட்டியலோடு போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

"நீ எதுக்கும்மா அழறே? டேப்ல இருக்கு. எடுத்துக் குடுடா அவளுக்கு" என்றார் செயலாளர், ஏதோ வரம் கொடுக்கிற தோரணையில்.

புது டிஸ்க்கைப் போட்டு, டேப்பிலிருந்து இறக்குகிற கட்டளையை அடித்தேன். மண்டப புக்கிங் மட்டும் வந்தது. அடுத்த டேப்பைப் போட்டேன். அதிலும் புக்கிங். அலமாரியில் இருந்த அத்தனையிலும் முகூர்த்தத் தேதியும் ஜமக்காளக் கணக்கும்தான். அப்போதுதான் அந்தச் சீட்டை முதல்முறையாகப் படித்தேன். அதுவரை பார்த்து அடித்ததோடு சரி. ஒரு ஃபைலை ஏற்றி முடித்ததும் டேப் தானாக ஆரம்பத்துக்கே சுற்றிக்கொள்ளும்படி எழுதியிருந்தான் அந்தப் படுபாவி. அடுத்த ஃபைல் முந்தையதன் மேலேயே பதிந்திருக்கிறது. கடைசியாக ஏற்றியது மட்டும் மிஞ்சும். இருவரிடமும் விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷின் கோளாறும்மா. சனியன் பிடிச்ச மெஷின்" என்றார் செயலாளர், கொஞ்சமும் கூசாமல்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் கேட்டாள்.

"அண்ணே, வாராவாரம் ஏத்துனியளே, ஒரு தடவயாவது திருப்பி எறக்கிப் பாத்தியளா?"

செயலாளரை அடிமுட்டாள் என்று, வீட்டுக்குத் திரும்பும்போது கல்யாண் போகும் வரைக்கும் தினமும் டிரெயினில் ஏசிக்கொண்டு போனவன் நான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"மெஷின் கோளாறுதாம்மா" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். செயலாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.